துளைக்குக் கொசுறு

கம்ப்யூட்டரில் ஓட்டை வரைகிறேன் என்று சொன்னால் எவரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நல்லவேளை, நானே பெண், அதுவும் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆனவள். ஆனால் என் தொழில் அதுதான். பழைய ரேடியோவைத் திறந்தால் உள்ளே ஒரு பச்சைப் பலகை இருக்குமே, சர்க்யூட் போர்டு, அதில் எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும், எதிலிருந்து எதற்குச் செம்புக் கோடு ஓட வேண்டும், பாகங்களின் கால்கள் நுழைய எங்கே எவ்வளவு பெரிய துளை வேண்டும் என்று வரைந்து கொடுப்பேன். திருவொற்றியூரில் வாடகை வீடு, ஹாலின் மூலையில் ஒரு மேஜை. வெளியே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மேஜை ஆடும். அதற்குத் தகுந்தாற்போல் நானும் ஆடிக்கொண்டே வரைவேன்.

கோடு வரைவது சுலபம். துளைதான் சனியன். துளை என்றால் வெறும் ஓட்டை இல்லை. பலகையின் மேல்பக்கத்துக் கோட்டுக்கும் கீழ்ப்பக்கத்துக் கோட்டுக்கும் அந்தத் துளை வழியாகத்தான் தொடர்பு. அதற்காகத் துளையின் உள்சுவர் முழுக்கச் செம்பு பூசுவார்கள். பூசினால் துளை சுருங்கும். குளியலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டிய பிறகு வாளி வைக்க இடம் பத்தாமல் போகும் இல்லையா, அந்தக் கதை. ஆகவே ஒரு துளைக்கு இரண்டு அளவு உண்டு. மெஷின் குடைகிற அளவு ஒன்று, பூச்சு முடிந்து கடைசியில் மிஞ்சுகிற அளவு இன்னொன்று. யாராவது ஓர் அளவைச் சொன்னால் அது இதில் எது என்று உடனே கேட்க வேண்டும். கேட்பது என் வேலை. நான் கேட்கவில்லை. அல்லது கேட்டேன், மறந்துவிட்டேன். அதுவே இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்த வாரத்தில் காசிமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். விசைப்படகுகளுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன். முப்பத்தைந்து வயசிருக்கும், சட்டைப் பையில் டெஸ்டர், வாய் நிறைய பேச்சு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து மேஜையில் கவிழ்த்தார். உள்ளே தாறுமாறாக வயர் வைத்து ஒட்டிய ஒரு சர்க்யூட்டும், தண்ணீர் ஏறினால் மேலெழும்பிச் சுவிட்சைப் போடுகிற ஒரு மிதவையும், ஒரு பஸ்ஸரும் இருந்தன.

"யக்கா, போட்டு அடில தண்ணி ஏறுச்சுன்னா இது கத்தும். மொதல்ல ஒண்ணு, என் மச்சான் ஓட்டற போட்டுல வச்சேன். இன்ஜின் அதிர்ற அதிர்ச்சில நாலே நாள்ல வயரு பிச்சிகினு பூடுச்சு. வெறும் வயரு வச்சி ஒட்டனா நிக்காதுக்கா. நல்ல போர்டு ஒண்ணு போட்டுக் குடு. ஸ்குரூ வச்ச கனெக்டரு போட்டு."

அவருடைய மச்சான், அதாவது அக்கா புருஷன், அந்தப் படகின் டிரைவர். படகு பழசு. அடியில் படகைத் தள்ளுகிற விசிறிக்குப் போகிற தண்டு வழியாக எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கசியும். பம்பு போட்டு இறைத்தால் பிரச்சினை இல்லை. ஏறுவது தெரியாமல் போனால்தான் ஆபத்து. போன தடவை அப்படித்தான் இன்ஜின் நனைந்து நடுக்கடலில் நின்றிருக்கிறது. வேறொரு படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"தடை முடிஞ்சு மொத நாளு போட்டு போவசொல்ல இது உள்ள இருக்கணும்க்கா. எங்கக்கா கைல சத்தியம் பண்ணிக் குட்துருக்கேன்."

சத்தியமெல்லாம் எதற்குப் பண்ணினார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். நாற்பது போர்டு. ஒன்று மச்சானுக்கு, மீதி மற்ற படகுகளுக்கு.

கனெக்டர், அதாவது வயரை ஸ்குரூவால் இறுக்கிப் பிடிக்கிற பாகம், அவரிடம்தான் இருந்தது. மறுநாள் அதன் காலை அளந்து வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். "கால் ஒண்ணு புள்ளி ரெண்டு மில்லிமீட்டருக்கா." நான் வரைந்து அனுப்பினேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் போர்டு போடுகிறார்கள். பத்து வருஷமாக என் போர்டெல்லாம் அங்கேதான். ஃபைலைச் சரிபார்க்க ஒரு பெண், துளை மெஷினில் வண்ணாரப்பேட்டைக்காரர் ஒரு பாய். இரண்டு பேருமே தங்கமானவர்கள். அங்கேதான் வினையே.

தடை முடியப் பதினெட்டு நாள் இருக்கும்போது போர்டுகள் வந்தன. பளபளவென்று அழகாக இருந்தன. எலக்ட்ரீஷியன் என் ஹாலிலேயே தரையில் உட்கார்ந்து ஒன்றில் பாகங்களைச் செருகி ஈயம் உருக்கி ஒட்ட ஆரம்பித்தார். கனெக்டரின் கால் துளைக்குள் லொடலொடவென்று விழுந்தது.  ஒட்டி முடித்து மிதவையை வாளித் தண்ணீரில் விட்டோம். பஸ்ஸர் வீல் என்று கத்தியது. அவர் முகமெல்லாம் பல்.

"சூப்பர்க்கா! கத்துது பாத்தியா!"

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஒவ்வொரு துளையையும் சுற்றி ஒரு செம்பு வளையம் இருக்கும். கால் பிடித்து நிற்பதே அந்த வளையத்தில்தான். இந்தப் போர்டில் வளையம் நூல் மாதிரி இருந்தது. பல துளைகளில் ஒரு பக்கம் நூல்கூட இல்லை, துளை வளையத்தைத் தின்றுவிட்டு வெளியே எட்டிப் பார்த்தது. பென்சிலின் பின்பக்கத்தால் போர்டைத் தட்டினேன். ஒரு தட்டு, கத்தியது. இரண்டாவது தட்டு, கத்தியது. மூன்றாவது தட்டில் பஸ்ஸர் செத்துப்போனது. மிதவை வாளியில் அப்படியே மிதந்துகொண்டிருந்தது.

"இன்னாக்கா இது?" என்றார்.

"தெரியலப்பா" என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை.

"மேல கொஞ்சம் ஈயம் சேத்து வச்சா தாங்காது?"

"பென்சிலுக்கே தாங்கல. இன்ஜினுக்கு எங்க தாங்கும்? கத்தாத போர்டை வச்சிக்கிட்டு, கத்தும்னு நம்பிக்கிட்டு இருக்கறது ஒண்ணும் இல்லாம போறதவிட மோசம்."

 அவர் டெஸ்டரை எடுத்துப் பையில் வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கு நான் போட்ட சண்டை இருக்கிறதே! முதலில் ஷெட்டுக்குப் போன் போட்டேன். ஃபைல் பார்க்கிற பெண் எடுத்தாள்.

"யக்கா, நீங்க ஒண்ணு புள்ளி நாலுன்னு போட்டிருந்தீங்க. பூச்சுல சுருங்கிப் பூடுமேன்னு நான் ஒண்ணு புள்ளி அஞ்சாக்குனேன். வளையம் கம்மியாகீதுன்னு கம்ப்யூட்டரு காட்டிச்சு. நீங்க போட்டதாச்சே, தெரிஞ்சிதான் போட்டிருப்பீங்கன்னு வுட்டுட்டேன்."

ஒன்று புள்ளி நாலா? நானா? ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஒன்று புள்ளி நாலுதான். ஏன் போட்டேன்? கால் ஒன்று புள்ளி இரண்டு, நுழையத் தாராளமாக இருக்கட்டும் என்று புள்ளி இரண்டு சேர்த்திருக்க வேண்டும். அது பூச்சுக்குப் பிந்தைய அளவா, முந்தைய அளவா? அதை எழுதுகிற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். கை அரித்ததா, பால் பொங்கியதா, என்ன நடந்து அதைக் காலியாக விட்டேன் என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது. வளையத்தைப் பெரிதாக்கவும் இடமில்லை, கால்களுக்கு நடுவே இரண்டு கோடு ஓடியது. அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்தே எப்படிச் செய்தேன்?

அடுத்துப் பாயிடம் பேசினேன்.

"ஒண்ணு புள்ளி அஞ்சுதாம்மா எழுதியிருந்துச்சு. என்னாண்ட இருந்த அந்த சைஸ் டிரில் பிட்டு தேஞ்சு கெடந்துச்சு. தேஞ்ச பிட்டுல போட்டா ஓட்டை இறுக்கமா வந்துரும், அப்பால உனக்குத்தான் பேஜாரு. அதான் ஒண்ணு புள்ளி ஆறுல போட்டேன். உனக்காகதாம்மா."

உனக்காகதாம்மா! கேட்டதும் போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. கடைசியாக எலக்ட்ரீஷியனைப் பிடித்தேன். கனெக்டரை வாங்கி என் வெர்னியர் அளவுகோலில் நானே அளந்தேன். கால் சரியாக ஒரு மில்லிமீட்டர்.

"ஒண்ணு புள்ளி ரெண்டுன்னியே?"

"ஆமாக்கா. கால் ஒண்ணுதான் கீது. ஓட்டை கொஞ்சம் பெருசா இருந்தா உனக்கும் ஈசியா இருக்குமேன்னு ரெண்டு சேத்து சொன்னேன்."

எங்கள் பக்கத்தில் கறிவேப்பிலை கொசுறு போடாமல் எவரும் காய்கறி விற்க மாட்டார்கள். மீன் வாங்கினால் மேலே நாலு சின்ன மீன் விழும், பூக்காரம்மா முழம் அளந்தபின் நாலு விரல் கூட விடுவாள். சரியாக அளந்து கொடுக்கிறவன் எங்கள் ஊரில் கஞ்சப் பிசிநாறி. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்து ஒரு மில்லிமீட்டர் துளைக்குள் நாலு பேரும் போட்டிருக்கிறோம். ஒருவருக்கொருவர் சொல்லவும் இல்லை. கொசுறை யார் சொல்லிக்கொண்டு போடுவார்கள்? இதில் யாரைத் திட்டுவது என்று எனக்குப் புரியவில்லை. நாலு பேரில் நானும் ஒருத்தி என்பதால் திட்டவும் வாய் வரவில்லை. ஆனாலும் திட்டினேன்.

கோபத்தில் வேலை செய்யக்கூடாது என்று என் கணவர் சொல்வார். அவர் சொல்கிறாரே என்பதற்காகவே கோபத்தில் வேலை செய்வது என் வழக்கம். அன்று மாலையே புதிய வரைபடம் போட்டேன். கால் ஒன்று, துளை ஒன்று புள்ளி ஒன்று. ஒரு மயிரிழை அதிகம் கிடையாது. கீழே கொட்டை எழுத்தில், தமிழிலேயே, சிவப்பில் எழுதினேன்: "எழுதிய அளவுதான் துளை. யாரும், எதற்காகவும், எதையும் சேர்க்கக்கூடாது." அனுப்பிவிட்டுப் போனில் வேறு ஒரு தடவை கத்தினேன். ஃபைல் பார்க்கிற பெண், "சரிக்கா, சரிக்கா" என்றாள். அவள் குரல் சுருங்கிப்போயிருந்தது. அதைக் கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இரண்டாவது தடவை போர்டுகள் வந்தபோது தடை முடிய இரண்டே நாள் இருந்தது. வளையங்கள் பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. எலக்ட்ரீஷியன் கனெக்டரை எடுத்துத் துளைமேல் வைத்து அழுத்தினார். போகவில்லை. திருப்பி வைத்து அழுத்தினார். போகவில்லை. நான் பிடுங்கி, நுனியைப் பார்த்து, நேராக வைத்துக் கட்டை விரலால் அழுத்தினேன். விரலில் பள்ளம் விழுந்தது, கால் நுழையவில்லை.

நான் முதலில் நினைத்தது, கனெக்டர் வேறு. அடுத்தது, என் வெர்னியர் கெட்டுவிட்டது. அதற்கடுத்தது, எனக்கே ஏதோ கெட்டுவிட்டது. ஒரு மணி நேரம் நாற்பது போர்டையும் அளந்தேன். எல்லாத் துளையும் சரியாக ஒன்று. ஒன்று புள்ளி ஒன்று இல்லை, ஒன்று. ஒரு மில்லிமீட்டர் துளையில் ஒரு மில்லிமீட்டர் கால் நுழையாது. கழுத்தளவே இருக்கிற பனியனுக்குள் தலை எப்படிப் போகும்?

போன் போட்டேன்.

"நீங்கதானக்கா யாரும் எதையும் சேக்கக்கூடாதுன்னு எழுதுனீங்க" என்றாள் அந்தப் பெண். "பூச்சுக்கு நான் எப்பவும் சேக்கற புள்ளி ஒண்ணையும் சேக்கல. பாயும் புது பிட்டு வாங்கி அப்படியே போட்டாரு. நீங்க சொன்னதத்தான் செஞ்சோம்."

பத்து வருஷமாகப் பூச்சுக்கு அவள் சேர்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அது கொசுறு இல்லை, அவள் வேலை. நான் கத்திய கத்தலில் வேலையும் கொசுறும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. எனக்கும்தான்.

எலக்ட்ரீஷியன் கைத் துரப்பணத்தை எடுத்தார். "நானே கொஞ்சம் பெருசு பண்ணிக்கறேன்க்கா."

"பண்ணா உள்சுவர்ல இருக்கற செம்பு போயிடும். மேலுக்கும் கீழுக்கும் தொடர்பு அறுந்துரும்."

"ரெண்டு பக்கமும் ஈயம் வச்சிடறேன்."

"மேல் பக்கம் கனெக்டர் உக்காந்திருக்கும். சூட்டுக்கோலை எங்க விடுவ?"

அவர் கனெக்டரைப் போர்டின்மேல் வைத்துப் பார்த்தார். குனிந்து, பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தார். இடமில்லை. எழுந்தார்.

"போட்டு நாளன்னிக்கு போவுதுக்கா" என்றார்.

"ஒரு வாரம் தள்ளிப் போகச் சொல்ல முடியாதா?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இரண்டு மாசம் வருமானமில்லாமல் உட்கார்ந்திருந்த படகை ஒரு துளைக்காக யார் நிறுத்துவார்கள்? கேட்ட எனக்கே அசிங்கமாக இருந்தது. இரண்டு நாளில் படகு போனது. அதன் அடியில் எதுவும் இல்லாமல்தான் போனது.

படகு போன மறுநாள் காலை பஸ் பிடித்து நேரே ஷெட்டுக்குப் போனேன், கையில் கனெக்டருடன். அந்தப் பெண்ணையும் பாயையும் ஒரே இடத்தில் நிற்கவைத்தேன். பத்து வருஷத்தில் நாங்கள் மூவரும் சேர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை. முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் திருதிருவென்று விழித்தாள், பிறகு எனக்கு டீ சொன்னாள். கனெக்டரின் காலை மூவரும் தொட்டுப் பார்த்தோம். கால் ஒன்று. கடைசியில் மிஞ்ச வேண்டியது ஒன்று புள்ளி இரண்டு. பூச்சுக்குப் புள்ளி ஒன்று. மெஷின் போட வேண்டியது ஒன்று புள்ளி மூன்று. வேறு யாரும் மனசுக்குள்ளேயும் சேர்க்கக்கூடாது.

"இவ்ளோதானா?" என்றார் பாய். "இத்தச் சொல்றதுக்கா யம்மா இவ்ளோ தூரம் வந்த?"

ஆமாம், இவ்வளவுதான். மூன்று வாரமாக இது எனக்கு ஏன் இத்தனை பெரிய சிக்கலாக இருந்தது என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதும் விளங்கவில்லை. கையில் பிடித்துக் காட்டினால் ரெண்டு நிமிஷ வேலை.

அவசரமாகப் போட்டும் போர்டு வர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் நான் எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்யவில்லை. பயம். அவரும் செய்யவில்லை. காலையில் எழுந்ததும் செய்தியில் கடல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். கடல் பக்கத்திலேயே இத்தனை வருஷம் குடியிருந்தும் அதுவரை நான் அந்தச் செய்தியைப் பார்த்ததே இல்லை. என் கணவர், "உனக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். ஓட்டை என்றேன். 

ஏழாம் நாள் காலை வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். எலக்ட்ரீஷியனும், ஐம்பது வயது தாண்டிய கறுத்த பெரிய மனிதர் ஒருவரும். "இதாங்க்கா என் மச்சான். காலைலதான் கரைக்கு வந்தாங்க."  உட்காருங்கண்ணே என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"தண்ணி ஏறுச்சாண்ணே?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏறும்மா, ஏறாம? பம்பு கீது, எறச்சிருவோம். எப்ப ஏறுதுன்னுதான் தெரியாது. அதான் பலகய தூக்கி அடிக்கொருதபா கைய வுட்டுப் பாத்துகினே இருந்தேன். பசங்க சின்னவனுங்க, படுத்தா எழுந்திருக்க மாட்டானுங்க. நான்தான் முழிச்சிகினு இருந்தேன்."

வலது கையைக் காட்டினார். டீசலும் உப்புத் தண்ணீரும் ஊறி, மணிக்கட்டுவரை தோல் வெள்ளையாக வெடித்திருந்தது. அவர் புகாராகச் சொல்லவில்லை. நான் கேட்டதால் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. யார் தப்பு, யார் எவ்வளவு சேர்த்தோம் என்று ஒரு மாசமாக நான் போட்ட கணக்கெல்லாம் அந்தக் கையில் போய் முடிந்திருந்தது. வெட்கமாக இருந்தது.

எலக்ட்ரீஷியன் தரையில் உட்கார்ந்து புதிய போர்டை எடுத்தார். கனெக்டரை வைத்தார். அழுத்தவே இல்லை, அதுவாக இறங்கிப் பொருந்தி நின்றது. ஆட்டினார், ஆடவில்லை. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஈயம் வைத்து முடித்தோம். பென்சிலால் இருபது தட்டு தட்டினேன். நான் வாளியில் தண்ணீர் பிடித்துவந்தபோது மச்சான் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, வெளியே லாரி போவதுகூடத் தெரியாமல் தூங்கினார்.

"எழுப்பட்டுமா?" என்று கிசுகிசுத்தேன்.

"வேணாம்க்கா. டெஸ்ட்டு பண்ணு. கேக்கட்டும்."

மிதவையை வாளியில் விட்டேன். பஸ்ஸர் வீல் என்று கத்தியது. மச்சானின் கண் திறக்கவில்லை. கைதான் முதலில் எழுந்தது. அந்த வெள்ளைக் கை நாற்காலிக்குக் கீழே தொங்கி, என் ஹாலின் மொசைக் தரையை இப்படியும் அப்படியுமாகத் தடவிப் பார்த்தது.

"தண்ணி இல்ல" என்றார் தூக்கத்திலேயே. "ஒண்ணும் இல்லடா, தண்ணி இல்ல. நீங்க படுங்க."

நான் மிதவையை வாளியிலிருந்து எடுத்துவிட்டேன்.